நேராகப் பார்க்கும் ஒரு படம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரத்தில் நடந்தது இது. பாலக்காட்டில் எங்கள் வீட்டுப் பீரோவில் தொடங்கி, மூணாற்றில் ஒரு மாடிக் கடையில் முடிந்தது. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நாள் சங்கதிதான். ஆனால் அறுபத்தொரு வயதில் என் மண்டையில் விழுந்த குட்டு என்றால் அதுதான்.

பாலக்காட்டில் எனக்குக் கயிற்றுக் கடை. தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, தார்ப்பாய், ஏலத்தோட்டத்துக்குப் போடும் நிழல் வலை, இவைதான் சரக்கு. அத்தா காலத்துக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. அந்த மாடியில் நான் மட்டும்தான். என் மனைவி மௌத்தாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகி வளைகுடாவில் இருக்கிறாள்.

பகலெல்லாம் கடையில் பேசிப் பேசித் தொண்டை வற்றும். மாடி ஏறிவிட்டால் வாயைத் திறக்க வேலையில்லை. முதல் ஆறு மாதம் பழக்க தோஷத்தில் இருவருக்கும் சேர்த்தே அரிசி போட்டேன். பிறகு ஒரு டம்ளர் போட்டால் எனக்கு இரண்டு வேளைக்குக் காணும் என்று தெரிந்தது. அவள் இருந்தவரை ஒரு டம்ளர் அரிசி எவ்வளவு சோறாகும் என்பதுகூடத் தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொழுகை நடக்கும் வீடு என்பதால் சுவரில் உருவப் படம் எதுவும் மாட்டுவதில்லை. தொழுகை நேரம் போட்ட காலண்டர் ஒன்று, கடிகாரம் ஒன்று, அவ்வளவுதான். அத்தா, அம்மா யாருடைய படமும் கிடையாது. எதிர்வீட்டில் யாராவது இறந்தால் பெரிதாகப் படம் போட்டு, மாலை சாத்தி, சின்ன பல்பு எரிய விடுவார்கள். எங்கள் வீட்டில் போனவர்கள் முகம் மனசில்தான் இருக்க வேண்டும். அதை நான் குறையாக ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் படம் எடுக்கும் பைத்தியம் மட்டும் எனக்கு இருந்தது. மருமகன் ஒருமுறை லீவுக்கு வந்தபோது சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் போனிலேயே கேமரா வந்தது. சமையல்கட்டு, மொட்டை மாடி, அவள் துணி உலர்த்துவது, மீன் கழுவுவது என்று கண்டதையும் எடுத்தேன். அவளுக்கோ அது பிடிக்காது. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லையென்றால் கையைக் குறுக்கே நீட்டுவாள்.

“போதும், அந்தப் பக்கம் திருப்புங்க. எடுக்கறதுதான் எடுக்கறீங்க, வேற யாருக்கும் காட்டிப்புடாதீங்க” என்பாள்.

காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அங்கேதான் தப்பும் செய்தேன்.

எடுத்த படங்களையெல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, துண்டில் சுற்றி, பீரோ லாக்கரில் கடைப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மகள் லீவுக்கு வந்து அவள் போனில் எடுத்த படங்களையும் அவள் அம்மா விட்டுவைக்கவில்லை. “ஏர்போர்ட்ல போன் தொலைஞ்சா என்ன பண்ணுவே? அத்தாகிட்ட ஏத்திக் கொடுத்துட்டு அழிச்சிட்டுப் போ” என்று பிடிவாதமாக அழிக்க வைத்தாள். வீடியோ காலில் பேசும்போதும் போனைத் தன் பக்கம் சரியாகத் திருப்ப மாட்டாள். மகளுக்கு அம்மாவின் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும்.

மகள் எத்தனையோ தரம் சொன்னாள், இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள், இல்லையென்றால் இன்டர்நெட்டில் ஏற்றி வையுங்கள் என்று. இன்டர்நெட்டில் ஏற்றுவதா? நம் வீட்டுப் பெண்ணின் படத்தைக் கொண்டுபோய் எவன் வீட்டிலோ வைப்பதா? பீரோ சாவி என் இடுப்பில் இருக்கும்போது யார் என்ன செய்துவிட முடியும் என்று வியாக்கியானம் பேசினேன்.

என் மனைவி போன மறுமாதம் என் போன் நிறைந்துவிட்டது. அதில் இருந்தவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்கில் ஏற்றி, போனைத் துடைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த டிஸ்கை நான் திறக்கவே இல்லை. திறக்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. உள்ளே அவள் இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள் என்கிற நினைப்பே போதுமாக இருந்தது.

அந்தப் பெருநாள் முடிந்து ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்த நேரம், மகள் பேசினாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம்.

“அத்தா, இங்க எல்லாரும் புள்ள அவங்க அத்தா ஜாடைங்கிறாங்க. எனக்கென்னமோ நம்ம அம்மா ஜாடைன்னு தோணுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியல” என்றாள். “அம்மா முகம் முழுசா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது அத்தா. குரல் வருது, கை வருது. முகம் வரமாட்டேங்குது. ஒரு போட்டோ அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு. நேராப் பாக்கற மாதிரி. ஆதார் கார்டு படம் வேண்டாம், அது அம்மா மாதிரியே இல்ல.”

ஆதார் அட்டையில் யார்தான் அவர்களாக இருக்கிறார்கள்! சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்தபிறகு நானும் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் நீட்டிய கைதான் வந்தது. கைக்குப் பின்னால் இருந்த முகம் வரவில்லை. முப்பத்தாறு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம்.

உடனே மாடிக்குப் போய் டிஸ்கை எடுத்துக் கடை லேப்டாப்பில் சொருகினேன். விளக்கு எரிந்தது. உள்ளே என்னவோ சுற்றுகிற சத்தம். அப்புறம் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. பிடுங்கிச் சொருகினேன். இந்தத் தரம், டிஸ்கை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். ஆண்டவன் புண்ணியத்தில் அந்தப் பட்டனையாவது சரியாக அழுத்தினேன்.

அதன்பிறகு பதினோரு நாள் அந்த டிஸ்கோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் கடை திறக்கும் முன் ஒரு தரம் சொருகுவேன், மதியம் சாப்பிட வரும்போது ஒரு தரம், சாயங்காலம் இரண்டு தரம். துண்டால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், போன் கெட்டால் அரிசியில் போட்டால் சரியாகும் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். தண்ணீரில் விழுந்த போனுக்குச் சொன்ன வைத்தியம் அது. என் டிஸ்க் எந்தத் தண்ணீரிலும் விழவில்லை. ஆனாலும் போட்டேன். புத்தி போகிற போக்கில் போயிற்று.

மகள் நாள்தோறும் கேட்டாள். “நிறைய இருக்கும்மா, நல்லதாத் தேடிட்டு இருக்கேன்” என்று பொய் சொன்னேன்.

பாலக்காட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் இல்லாமல் இல்லை. என் கடையிலிருந்து நாலாவது கடையே அதுதான். ஆனால் அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் என் பக்கத்தில் நிற்கிற மனிதர். மற்றொருவர் மகளோடு படித்தவர். இவர்களிடம் கொடுத்து, இவர்கள் அவளைப் பார்த்து, அப்புறம் நானும் அவர்களும் கடைத்தெருவில் எதிரெதிரே வருவதா? எனக்குக் கால் வரவில்லை. தெரிந்தவர் பார்ப்பதைவிட, இனி வாழ்நாளில் என் முகத்தில் முழிக்காத ஒருவர் பார்ப்பது மேல் என்று தோன்றியது.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வருடாவருடம் என்னிடம் நிழல் வலை வாங்குவார். ஆர்டர் சொல்ல அவர் கூப்பிட்டபோது, பேச்சோடு பேச்சாக, ஒரு சிநேகிதனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று பொய்யாக ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன். தன் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்துப்போனபோது மூணாற்றில் ஒரு கடையில்தான் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார்கள் என்று அவர் இடம் சொன்னார். மறுநாள் காலை கடையைச் சாத்திவிட்டு, டிஸ்கைத் துண்டோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு. பக்கத்து ஸீட் காலியாகவே வந்தது.

நாற்பது வருடம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கயிறும் வலையும் அனுப்பியிருக்கிறேன். மூணாற்றை நான் பார்த்ததில்லை. அவள் கேட்டிருக்கிறாள், ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று. கடையைச் சாத்த முடியாது என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். இப்போது சாத்திவிட்டுத்தானே வந்தேன், கடை எங்கே ஓடிப்போயிற்று?

அந்தக் கடை, சாக்லேட்டும் ஏலக்காயும் விற்கிற ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செங்குத்தான படி. ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். சுவெட்டர் போட்டு, அதற்கு மேல் சால்வையும் போர்த்தியிருந்தாள். நான் ஒரு ஆணை எதிர்பார்த்துப் போனவன். அவளைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது.

“உக்காருங்க பாய். எங்கிட்டு இருந்து வாரீக?” என்றாள். மேஜை மேல் சின்னச் சின்ன டப்பாக்களில் மெமரி கார்டுகள் கிடந்தன. தேனிலவுக்கு வந்து, எடுத்த படத்தையெல்லாம் தவறுதலாக அழித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் தன் பிழைப்பு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். துண்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து நாலு அரிசி மேஜையில் விழுந்தது. அவள் அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எத்தனை நாளாகச் சொருகிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

“ஏன் பாய், கால் உடைஞ்ச ஆளை நடந்து பாரு நடந்து பாருன்னு பதினோரு நாளா வெரட்டியிருக்கீகளே” என்றாள். “கெட்டுப்போன டிஸ்கச் சுத்த விடச் சுத்த விட இன்னும்தான் கெடும். எப்பக் கெட்டுச்சு?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் பூட்டியே வைத்திருந்தேன் என்றேன்.

“தொறந்தே பாக்கலியா?”

கயிற்று வியாபாரி நான். நார்க் கயிற்றுச் சுருளை அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோனால், அடியில் இருக்கும் சுருள் ஈரம் கோத்து இற்றுப்போகும் என்று எனக்குத் தெரியும். வருடாவருடம் மழைக்கு முன்னால் குடோனில் உள்ள அத்தனை சுருளையும் இறக்கி, வெயில் காட்டி, அடிச்சுருளை மேலே மாற்றி அடுக்குவேன். நாற்பது வருடம் ஒரு வருடம் தவறியதில்லை. கயிற்றுக்குச் செய்ததை அவளுக்குச் செய்யவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இது எனக்கு உறைத்தது.

அப்புறம் வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வீட்டுப் பெண்ணின் படங்கள், இறந்துவிட்டாள், யாருக்கும் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் நீ பார்க்காமல் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு முடி வெட்டு என்று சொன்ன மாதிரி.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். “பேரும் நம்பரும் மட்டும் தெரியிற மாதிரி வச்சு எடுக்கலாம் பாய். படம் முழுசா வந்துச்சா, பாதி வந்துச்சான்னு அளவை வச்சுப் பிரிச்சுக்கிறேன். தொறந்து பாக்கிறது நீங்களே பாத்துக்கங்க. ஆனா எவ்வளவு வரும்னு சத்தியம் பண்ண முடியாது. ஒன்னுமே வராமலும் போகலாம்.” நாளை மறுநாள் மதியம் வரச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். மறுநாள் செய்ய ஒன்றும் இல்லை. அறையில் உட்கார்ந்தால் சுவர் நெருக்கியது. கீழே வந்து, நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது பள்ளிவாசல் போகும் பஸ். தொழுவதற்கான பள்ளிவாசல் அல்ல, மலைச்சரிவிலிருந்து பெரிய குழாய்களில் தண்ணீர் இறக்கி மின்சாரம் எடுக்கும் ஊர். இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் நடந்தேன். மஞ்சு மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாக மனிதர்கள். ஜீப்பிலிருந்து இறங்குகிறார்கள், தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். “அங்க பாருங்க” என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. பக்கத்தில் ஆள்தான் இல்லை.

ஒரு சின்ன ஜோடி என்னிடம் ஓடி வந்து, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று மலையாளத்தில் கேட்டது. அந்தப் பெண் தன் போனை அப்படியே என் கையில் வைத்தாள். யார் நான், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் போனில் அவளுடைய கல்யாணப் படம், அம்மா படம், எல்லாமே இருக்கும். நான் ஒரு டிஸ்கைத் துண்டில் சுற்றி இரண்டு மாநிலம் சுற்றிக் கொண்டுவந்தவன். நாலைந்து படம் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். எவ்வளவு சுலபமாகச் சிரித்தார்கள் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். என்னைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள்.

“வந்திருக்கு பாய். எல்லாம் இல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேல. பேரும் தேதியும் போச்சு, வெறும் நம்பர்தான். வரிசையும் கலைஞ்சு கெடக்கு. நான் ஒன்னு கூடத் தொறக்கல” என்றாள்.

என்னை அவளுடைய நாற்காலியில் உட்கார வைத்தாள். எதைத் தட்டினால் அடுத்த படம் வரும் என்று காட்டினாள். பிறகு ஒரு ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு மெமரி கார்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும் அவள் தலை திரும்பவில்லை. அந்த முதுகை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

முதல் படம் பாதி சாம்பல் நிறமாக இருந்தது. மேல் பாதியில் எங்கள் மொட்டை மாடி. அடுத்தது என் மனைவியின் முதுகு. அடுத்தது முக்காடு. அடுத்தது நீட்டிய கை. கை, கை, கை. மகள் எடுத்த ஒன்றில் முகம் இருந்தது, மூக்கு வரைதான். கீழே சாம்பல். இன்னொன்றில் அவள் தலையைத் திருப்பிய வேகத்தில் முகம் கலங்கலாக இருந்தது. நூறு, இருநூறு என்று தட்டிக்கொண்டே போனேன். இத்தனை வருடம் நான் பூட்டிப் பூட்டிக் காத்தது எதை? அவள் முகத்தை நான் எடுக்கவே இல்லை. அவள் திரும்பிக்கொண்டதைத்தான் எடுத்திருக்கிறேன். மகளுக்கு என்ன சொல்வேன்?

அப்புறம் என் படம் வந்தது. கடையில் நார்ச் சுருளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு நான் தூங்குகிறேன். இதை யார் எடுத்தது? அடுத்ததில் மாடிப்படியில் காய்கறிப் பையோடு ஏறுகிறேன், மேலிருந்து எடுத்திருந்தது. அடுத்ததில் தொழுகைப் பாயை மடிக்கிறேன். அடுத்ததில் என் வழுக்கை மட்டும். ஒரு ஓரத்தில் மங்கலாக ஒரு விரல். படம் எடுக்கிறவரின் விரல் லென்ஸை மறைத்திருந்தது. மருதாணி போட்ட விரல்.

என் போனை அவள் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் என்னை எடுத்திருக்கிறாள். ஒன்றல்ல இரண்டல்ல, ஐம்பதுக்குக் குறையாது. ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டிஸ்கில் ஏற்றிய அந்தப் போன் படங்களுக்குள் இவையெல்லாம் இருந்திருக்கின்றன.

அதற்கு அடுத்து வந்தது அவள் முகம்.

திரை முழுக்க முகம். போனில் கேமரா முன்பக்கம் திரும்பியிருப்பது தெரியாமல், என்னை எடுப்பதாக நினைத்துக்கொண்டு தன்னையே எடுத்திருக்கிறாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நேராக, என்னை நேராகப் பார்க்கிறாள். அடுத்த படமும் அதே. அதற்கு அடுத்ததும். நம்பாமல் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள் போல, ஒன்பது படம். ஒன்றில்கூடச் சாம்பல் இல்லை. ஒன்பதிலும் கையைக் குறுக்கே நீட்டவில்லை. படம் எடுக்கப்படுகிறது என்று தெரியாதே!

நான் அழுதுவிட்டேன். கண்ணில் நீர் கோத்தது என்றெல்லாம் நாசூக்காகச் சொல்ல மாட்டேன். அவளை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை, சத்தமாக வந்தது.

“பாய்?” என்றாள் அவள், திரும்பாமலேயே. “கெட்டதா வந்திருக்கா?”

“இல்லம்மா. திரும்பு.”

“வேணாம் பாய். வாக்குக் கொடுத்திருக்கேன்னு சொன்னீக.”

“சாரமில்ல, பரவாயில்ல. நீ பாரு. ஒரு ஆளாவது பாக்கணும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அப்படிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் ஸ்டூலோடு திரும்பி, எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மெதுவாகச் சிரித்தாள்.

“பட்டனத் தேடுறாக” என்றாள். “எங்க அம்மாவும் இப்படித்தான் எடுக்கும் பாய். தேயிலையத்தான் எடுக்கேன்னு சொல்லி, தன் மூஞ்சிய எடுத்து அனுப்பிவிடும்.”

நானும் சிரித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் கிழவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். இரண்டு வருடத்தில் என் மனைவியைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அங்கிருந்தே அந்த ஒன்பதில் ஒன்றை மகளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குழந்தையின் படம் ஒன்று வந்தது, பால் கேட்டு அழப்போகும் நேரம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. கீழே குரல் செய்தியாக மூன்றே வார்த்தை: “அதே நெத்தி அத்தா.”

புறப்படும்போது அந்தக் கடைப் பெண், இனிமேல் மூன்று காப்பி வைக்கச் சொன்னாள். இரண்டு என்னிடம், தனித்தனி டிஸ்கில். மூன்றாவது கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ இன்னொன்று தப்பிக்கும் என்றாள். “பூட்டி வச்சா மட்டும் போதாது பாய். அப்பப்பத் தொறந்து பாக்கணும்” என்று கறாராகச் சொன்னாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து, “அரிசியில போடாதீக!” என்றும் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பயம் வந்தது. கொடுத்த வாக்கை மீறிவிட்டேனே. அவள் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். திட்டட்டும், திட்டுவதற்காவது ஒரு தரம் வரட்டும் என்று நினைத்தேன். மறையூர் தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்தபடி மனசுக்குள் அவளோடு வாதாடிக்கொண்டு வந்தேன். நீ மட்டும் என்னைத் திருட்டுத்தனமாக எடுத்தாயே, அது எந்த நியாயம் என்று கேட்டேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் படம் கிடையாது. மாட்டவும் மாட்டேன். ஒரு டிஸ்க் கடையில், ஒன்று மாடியில், மூன்றாவது காப்பி மகளிடம். மழைக்கு முன்னால் குடோனில் சுருள்களை மாற்றி அடுக்கும் அன்று, இரண்டு டிஸ்கையும் எடுத்துச் சொருகி, மகளையும் அவளுடையதைத் திறக்கச் சொல்லி, எல்லாம் திறக்கிறதா என்று இருவரும் பார்க்கிறோம். பேத்தி இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் தானும் நெற்றியைச் சுருக்கிக் காட்டுகிறாளாம். யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டி வைத்து நானும்கூடப் பார்க்காமல் இருந்த அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னமும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் கடையைச் சாத்திவிட்டு ஆளில்லாத மாடிக்கு ஏறும்போதெல்லாம், இந்தப் படியில் நான் ஏறுவதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி இருந்தாள் என்பது எனக்கு இப்போது தெரியும், அதனால் கொஞ்சம் நிமிர்ந்துதான் ஏறுகிறேன்.